நிற்க இடம் தந்த பாலம்

பேராதனையில் மகாவலி கங்கையைக் கடப்பவர்கள் இப்போது ஆற்றைப் பார்ப்பதில்லை. முன்னால் நகரும் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். கொழும்பு நெடுஞ்சாலையும், கம்பளைக்குப் பிரியும் சாலையும், பூங்காவுக்கு வந்த கூட்டமும், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் முட்டிக்கொள்ளும் இடம் அது. காலை ஏழரை மணிக்கு அங்கே பாலம் என்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. நெரிசலின் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

1833இல் இதே கடவையில் ஒரு மரப்பாலம் எழுந்தது. முதிரை மரத்தாலான ஒற்றை வளைவு. கரைக்குக் கரை 205 அடி. நடுவில் தூண் கிடையாது. வன்னியில் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் முதிரை தேடி அலைந்தவர்களுக்கு அந்த மரத்தின் கனமும் தெரியும், அதன் உறுதியும் தெரியும். மகாவலி பெருகினால் வேரோடு பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு வரும் ஆறு. நடுவில் தூண் நிறுத்தினால் அதுதான் முதலில் அடிவாங்கும். வளைவு அந்த அடிக்கு மேலேயே தாண்டி நின்றது. கண்டிக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் அதை வியந்து எழுதினார்கள், வரைந்தார்கள். மலையிலிருந்து கோப்பி ஏற்றி வந்த மாட்டுவண்டிகள் அதன் மீதுதான் கொழும்புக்கு இறங்கின. 1905இல் இரும்புப் பாலம் வந்தது. முதிரைப் பாலம் மறைந்தது. வாழ்ந்தது 72 ஆண்டு.

கண்டியிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர் தள்ளி, பதுளைக்கு அருகே, போகொட என்ற ஊரில் இன்னொரு மரப்பாலம் இருக்கிறது. கல்லந்த ஓயாவின் மேல் நிற்கும் அது 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கணக்கு. நீளம் ஏறத்தாழ 50 அடி, அகலம் 6 அடி. தலைக்கு மேல் ஓட்டுக் கூரை. இலங்கையில் எஞ்சியிருக்கும் மரப்பாலங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். 205 அடிப் பாலம் போய்ச் சேர்ந்துவிட்டது, 50 அடிப் பாலம் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே கண்டியிலிருந்து கிளம்பினோம். நான், அக்காவின் மகன், வேன் ஓட்டும் தம்பி. அந்த நேரத்தில் பேராதனையில் ஒரு வாகனமும் இல்லை. ஆறு கண்ணுக்குத் தெரிந்தது.

கண்டி அரசர்கள் மகாவலிக்குப் பெரிய பாலம் கட்டியதில்லை. கட்டத் தெரியாமல் அல்ல, கட்ட விருப்பமில்லாமல். 1660இல் பிடிபட்டு 19 ஆண்டுக்கும் மேலாகக் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில் இதைக் குறித்திருக்கிறார். பெரிய ஆறுகளுக்குப் பாலம் இல்லாததற்கு மழைக்கால வெள்ளத்தின் வேகம் ஒரு காரணம். நாட்டுக்குள் வருவது யாருக்கும் எளிதாக இருந்துவிடக்கூடாது என்ற அரசனின் எண்ணம் இன்னொரு காரணம். கணவாய்களில் முள் அடைத்த கடவைகள், காவல், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய காட்டுப் பாதை. இவையே அந்த அரசின் மதில்கள்.

அந்த மதில் எவ்வளவு உறுதியானது என்பதற்கு 1803 ஜூன் மாதத்துக் கதை ஒன்று போதும். கண்டியில் சரணடைந்த ஆங்கிலேய மேஜர் டேவியின் படை, திருகோணமலைக்குப் போய்விடலாம் என்று புறப்பட்டு வட்டாப்புளுவைக்கு வந்து சேர்ந்தது. மகாவலியில் வெள்ளம். பாலம் இல்லை. தெப்பம் கட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஆங்கிலேயர் தாங்களே சிம்மாசனத்தில் ஏற்றிவைத்த முத்துசாமியை அந்த ஆற்றங்கரையில்தான் கண்டியரிடம் ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பிறகு படையில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். இன்று அதே இடத்துக்கு மேற்புறம் கட்டுகஸ்தோட்டையில் பாலம், கீழ்ப்புறம் லேவெல்லவில் பாலம். ஒரு படையை நிறுத்திய ஆற்றை முச்சக்கர வண்டி ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறது. ஆறும் பழைய ஆறில்லை. 1976 முதல் பொல்கொல்லையில் மறித்து, அதன் தண்ணீரில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியே உக்குவளைப் பக்கம் திருப்பி, வறண்ட வடபகுதி வயல்களுக்கு அனுப்புகிறார்கள்.

பெரிய ஆற்றுக்குப் பாலம் இல்லையென்றாலும் நாட்டுக்கு உள்ளே போக்குவரத்து நிற்கவில்லை. உப்பு வரவேண்டும், பாக்கு போகவேண்டும், கருவாடும் துணியும் மலையேறவேண்டும். பொதிமாடுகள் வரிசையாக நடந்த பாதைகள் கண்டியையும் ஊவாவையும் கோத்திருந்தன. சிற்றோடைகளுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட ஒற்றை மரமே பெரும்பாலும் பாலம். மரம் உளுத்தால் இன்னொரு மரம். வழிநெடுக, நடந்து களைக்கும் தூரத்தில் அம்பலங்கள் இருந்தன: நான்கு பக்கமும் திறந்த, கூரை போட்ட, உட்காரக் கட்டை வைத்த சாவடிகள். பூட்டும் இல்லை, வாடகையும் இல்லை. கடுகண்ணாவையில் கொழும்பு வீதியோரமாக ஒன்று இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கடந்துவிடும்.

போகொடப் பாலத்தை இந்த இரண்டின் கலப்பாகப் பார்த்தால்தான் அது புரியும் என்று எனக்குப் படுகிறது. அது கூரை வேய்ந்த பாலம் மட்டுமில்லை, ஓடையின் மேல் கட்டிய அம்பலம்.

வழியில் எம்பெக்கவுக்கு ஒரு சுற்றுச் சுற்றினோம். மரத்தைக் கண்டி நாட்டார் எப்படிப் பேசவைத்தார்கள் என்று பையனுக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. கம்பளை அரசுக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயம் அது. மேளம் கொட்டும் மண்டபத்துத் தூண்களில் அன்னமும் மல்லரும் நடன மாதரும் செதுக்கியிருப்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். எனக்கோ கூரையின் ஒரு முனையை அண்ணாந்து பார்க்கவேண்டும். அங்கே 26 கைமரங்கள் விசிறிபோலச் சரிந்து வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் ஒற்றை மர ஆணி பிடித்துவைத்திருக்கிறது. இரும்பு இல்லை. ஆணியை உருவினால் கூரை முழுவதும் இறங்கிவிடும். அப்படியோர் இடத்தில் கை வைக்கத் துணிந்த தச்சனின் கணக்கைத்தான் நான் மெச்சுவேன், அன்னத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கைப்பழக்கம் ஊரில் இருந்ததால்தான் போகொட போன்ற பாலங்களும் இருந்தன.

கம்பளையைத் தாண்டினால் தேயிலை. புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, ஹக்கல, வெலிமடை, ஹாலி-எல. பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாகச் செங்கலடி வரை போகும் ஏ5 வீதி இது. 1815இல் கண்டி விழுந்த பிறகு வெள்ளைக்காரன் முதலில் செய்த வேலை அரசர்கள் செய்யாமல் வைத்திருந்த வேலைதான்: பாதை. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பு – கண்டி வீதியைப் போட்டார். அதற்கு உழைத்தவர்களில் பெரும்பகுதி இராஜகாரியம் என்ற பழைய ஊழிய முறையில் கூலியில்லாமல் இழுத்துவரப்பட்ட ஊர்மக்கள். அரசன் தன் நாட்டை மூடிவைக்கப் பயன்படுத்திய அதே ஊழியம், நாட்டைத் திறப்பதற்கும் உதவியது. பிறகு கோப்பி, அதன் பின்னால் தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் ஆட்கள். மலைநாட்டு வீதிகளிலும் தண்டவாளத்திலும் அவர்கள் கை படாத முழம் குறைவு.

புகையிரதம் 1867இல் கண்டிக்கு வந்தது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். இடையில் 57 ஆண்டு. மலையைச் சுற்றிச் சுற்றி, குடைந்து, பள்ளத்தாக்குகளைத் தாண்டி அது மெல்ல ஏறியது. 2008இல் இறம்பொடையில் 225 மீற்றர் நீளச் சுரங்கத்தை வீதிக்குக் குடைந்தார்கள். நாங்கள் அதற்குள் நுழைந்தபோது பையன் போனிலிருந்து தலை நிமிர்வதற்குள் வெளியே வந்துவிட்டோம். வெலிமடையில் உமா ஓயாவைக் கடந்தோம். அதுவும் இன்று ஆறாக மட்டும் இல்லை. மலையைத் துளைத்து அதன் நீரைத் தெற்கே அனுப்பி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. சுரங்கம் தோண்டிய காலத்தில் பண்டாரவளைப் பக்கத்து வீட்டுக் கிணறுகள் வற்றிப்போன கதையை அங்குள்ளவர்களிடம் கேட்கவேண்டும், அதிகாரிகளிடம் அல்ல.

ஹாலி-எலப் பக்கமிருந்து உள்வீதியில் திரும்பியதும் உலகம் சுருங்கிவிட்டது. தோட்டம், வயல், பாக்குமரம், மறுபடி வயல். எதிரே லொறி வந்தால் ஒரு வாகனம் பின்வாங்கியே ஆகவேண்டும். வழி கேட்கலாம் என்றால் தெருவில் ஆளில்லை. வேன் தம்பி, "அண்ணே, இது பாலத்துக்குப் போற ரோடா, இல்ல யாரு வீட்டுக்காவது போறதா?" என்றான். கேட்டதில் தப்பில்லை.

போகொட ரஜமகா விகாரைக்குப் பக்கத்தில் படிகள் கீழே இறங்குகின்றன. கிறிஸ்துவுக்கு முன் 1ஆம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் தோன்றிய விகாரை என்பது மரபு. பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. ஆகவே பாலம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே ஆள் நடமாட்டம் உண்டு, ஓடையைத் தாண்டவேண்டிய தேவையும் உண்டு. கண்டியையும் பதுளையையும் இணைத்த பழைய பாதை இந்த வழியாகப் போனது. படியிறங்கும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அதன் பிறகுதான் கூரை தெரிந்தது.

அக்கா மகன் பாலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாமா, இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து வந்து சேர்ந்தவனுக்கு 50 அடி மரம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே நடந்தால் அளவு மாறிவிடுகிறது. கூரையின் உயரம் எட்டடி. இரு பக்கமும் வேலைப்பாடு செய்த மரக் கைப்பிடி வரிசை. இருவர் தோளுரசாமல் கடக்கலாம். மூவர் கடக்க முடியாது. பொதிமாடு ஒன்று ஏறினால் எதிரே வருபவர் அக்கரையில் காத்துநிற்கவேண்டியதுதான். பெரும் மரங்கள் கீழே தாங்க, பலாவும் மருதும் மயிலையும் மேலே பலகையாகவும் தூணாகவும் கைமரமாகவும் கூடியிருக்கின்றன. ஒன்றையொன்று கவ்வும் இடங்களில் கருங்காலி, கித்துள் ஆணிகள். குனிந்து ஒரு பொருத்தைப் பார்த்தேன். ஆணியின் தலை பலகையைவிடக் கருப்பாக, விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக இருந்தது. பலகை சுருங்கி விரிந்த கோடுகள் அதைச் சுற்றி ஓடியிருந்தன. ஆணி மட்டும் அசையவில்லை. இரும்பாணியாக இருந்திருந்தால் துரு முதலில் தன்னைத் தின்று, பிறகு சுற்றியுள்ள மரத்தையும் தின்றிருக்கும். மர ஆணி மரத்தோடு சேர்ந்து நனைந்து, சேர்ந்து காய்கிறது.

மரப்பாலத்துக்கு எமன் வெள்ளம் என்றுதான் நினைப்போம். தினசரி எமன் வேறு: தேங்கி நிற்கும் ஈரம். வெயிலில் வெடித்த பலகையின் கீற்றுக்குள் மழை இறங்கி, காயாமல் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த மரம் உள்ளே மாவாகும். கூரை போட்டால் வெயிலும் படாது, மழையும் படாது. கூரை கெட்டால் ஓட்டையும் கைமரத்தையும் மாற்றலாம். தாங்கும் பெருமரம் கெட்டால் பாலத்தையே மாற்றவேண்டும். விலை குறைந்ததைக் கொடுத்து விலை கூடியதைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் நகரத்து மரப்பாலமும் இதே கணக்கில்தான் 14ஆம் நூற்றாண்டிலிருந்து நின்றது. 1993இல் தீயில் பெரும்பகுதி எரிந்து, மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தில் ஜப்பானிய வணிகர்கள் எழுப்பிய பாலத்துக்குக் கூரையோடு நடுவில் ஒரு கோயிலும் உண்டு. அதைப் பழுதுபார்த்து 2024இல் மறுபடி திறந்தார்கள்.

வெளிநாடு போவானேன்? பருத்தித்துறை தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. நடுவில் தெரு ஓடும், இரு பக்கமும் கல் திண்ணை, தலைக்கு மேல் கூரை. தெருவில் போகிறவன் மடத்துக்குள் திரும்பி நுழைய வேண்டியதில்லை. தெருவே அவனை மடத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். போகொடவில் தெருவுக்குப் பதிலாக ஓடையின் மேல் போகும் பாதை. வடமராட்சியின் வெயிலில் கட்டியவனும் ஊவாவின் மழையில் கட்டியவனும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் வழிப்போக்கன் நிற்பான், நிற்கவேண்டும், அதற்கு இடம் விடவேண்டும் என்பது இருவருக்குமே பேச்சில்லாமல் தெரிந்திருந்தது.

புதிய பாலங்களில் இல்லாதது இதுதான். பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். பொலிஸும் வரும். நிற்காமல் போவதற்காகவே கட்டியது என்பதால் அதில் குற்றமும் இல்லை. பிரசவ வலியோடு ஆம்புலன்ஸில் போகிற பெண்ணுக்கு ஆற்றின் நடுவில் திண்ணை எதற்கு? ஓடை பெருகினால் இக்கரையிலேயே இரண்டு நாள் கிடந்த காலத்தை, மருந்து அக்கரையில் இருக்க நோயாளி இக்கரையில் செத்த காலத்தை, அம்பலத்துக் காற்றுக்காகத் திரும்பக் கேட்கமாட்டேன். கண்டியிலிருந்து பதுளைக்கு நாள்கணக்கில் நடந்த தூரத்தை ஒரு காலைப்பொழுதில் கடந்து வந்தவன் நான். இழந்தது வேறு, சிறியது. உப்புப் பொதிக்காரனும் விகாரைக்கு வந்த கிழவியும் அரசனின் ஓலை கொண்டுபோனவனும் ஒரு மழை விடும்வரை ஒரே கூரையின் கீழ் நின்றிருப்பார்கள். யார் எந்த ஊர், என்ன விலை, எந்த ஓடையில் வெள்ளம் என்று பேசியிருப்பார்கள். இப்போது அந்தச் செய்தியைப் போன் சொல்லிவிடுகிறது, இன்னும் சரியாகவே சொல்கிறது.

இந்தப் பாலம் எப்படித் தப்பியது என்பதற்குக் கூரை பாதி விடைதான். 1630இல் போர்த்துக்கேயர் பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் அழிந்தார்கள். 1817 – 18 ஊவாக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் ஊர்களையும் வயல்களையும் கொளுத்தினார்கள். ஊவா இவ்வளவு தீயைக் கண்டபின்னும் இந்த மரம் மிஞ்சியது. அதற்குப் பிறகு அதைக் காத்தது, பாதை அதைக் கைவிட்டதுதான் என்று நினைக்கிறேன். வண்டிச் சாலை வேறு பக்கம் போனது, புகையிரதம் வேறு பக்கம் போனது. கோப்பி வண்டி ஒன்றுகூட இதன் மீது ஏறவில்லை. 6 அடி அகலத்தில் ஏறவும் முடியாது. பேராதனை முதிரைப் பாலம் முக்கியமான இடத்தில் நின்றது, பாரம் சுமந்தது, கூரையில்லாமல் நனைந்தது, 72 ஆண்டில் முடிந்தது. போகொட வழியிலிருந்து விலகி நின்றது.

பராமரிப்பும் கைமாறிவிட்டது. அரசர் காலத்தில் நிலத்துக்கு ஈடாக ஊழியம். பாதையும் அம்பலமும் பாலமும் அந்தந்த ஊரார் பொறுப்பு. ஓடு உடைந்தால் மாற்றவேண்டியவன் யார் என்று ஊருக்கே தெரியும். 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியம் ஒழிந்தது. ஒழிந்தது நல்லது, கட்டாய உழைப்பை யாரும் கொண்டாட முடியாது. ஆனால் ஓடு மாற்றுகிறவனும் அதோடு போய்விட்டான். 1890இல் தொல்பொருள் திணைக்களம் தொடங்கியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இப்படிப்பட்ட சின்னங்களில் யாரும் கை வைக்கக்கூடாது என்றது. அன்று கை வைக்காவிட்டால் குற்றம், இன்று கை வைத்தால் குற்றம். எந்தப் பலகை பழையது, எது நேற்று போட்டது என்று என் கண்ணுக்குப் பிரித்தறிய முடியவில்லை. மரப்பாலம் என்றால் பகுதி பகுதியாகப் புதுப்பித்துத்தான் நூறாண்டுகளைத் தாண்டும். ஆனால் புதுப்பித்த கை ஊர்க் கையா, திணைக்களக் கையா என்பதில் பாலத்தின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. ஊரார் செய்த காலத்தில் அது பாலம். இப்போது அது சின்னம்.

நாங்கள் இருந்த நேரத்தில் சிங்களக் குடும்பம் ஒன்று வந்தது. விகாரையில் பூ வைத்துவிட்டு இறங்கினார்கள், பாலத்தைக் கடந்தார்கள், அக்கரையில் ஒரு நிமிடம் நின்றார்கள், திரும்பி வந்தார்கள். அக்கரையில் அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. எங்களுக்கும் இல்லை.

திரும்பும்போது பையனின் பங்குக்கு எல்லப் பக்கம் போய் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்தோம். 1921இல் கட்டிமுடிந்தது, 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம், இரும்பு சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பியது. தோட்டத்துக்குள் இறங்கும் பாதை முழுக்கக் கடை. செவ்விளநீர், சோளம், தொப்பி. தண்டவாளத்தின் மேல் வெள்ளைக்காரப் பெண்கள் நீண்ட கவுன் விரித்து நிற்க, போட்டோக்காரர்கள் மண்டியிட்டிருந்தார்கள். போகொடவில் காணாத கூட்டம் இங்கே. பாரம் சுமக்கக் கட்டிய பாலத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், நிற்கக் கட்டிய பாலத்தில் ஆளில்லை. பையனுக்கு இது பிடித்திருந்தது. எனக்கும் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் தேநீருக்காக நிறுத்தினோம். கடைக்குப் பின்னால் சரிவு, சரிவின் அடியில் ஒரு ஓடை, ஓடைக்கு அப்பால் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயங்கள். ஓடைக்குக் குறுக்கே இரண்டு டர்பன்டைன் மரங்களைப் போட்டு, மேலே சட்டம் அடித்து, ஒரு பக்கம் மட்டும் கம்பி கட்டியிருந்தார்கள். சட்டங்களில் மூன்றிலொன்று இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அம்மா, சறுக்காமல் இருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அதில் ஏறிக் கடந்தார். பின்னால் டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள், புத்தகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவராக.

கடைக்கார அக்காவிடம், "இதுக்குப் புதுப் பாலம் ஒண்ணும் வரலியாக்கா?" என்று பையன் கேட்டான்.

"வோட்டு கேக்க வர்ற நேரமெல்லாம் வருதே தம்பி" என்றார் அவர், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே. "மழை பேஞ்சா புள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதில்ல. போன மாசம் நாலு நாள் போகல. மரம் உளுத்துப்போச்சுன்னா லயத்து ஆளுங்களே இன்னொண்ணு வெட்டிப் போடுவாங்க."

மூன்று தேநீருக்கும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அவன் அந்த மரங்களையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.